பாவசங்கீர்த்தனமும் லேகியமும்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னக்காயல். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் முக்கியமான ஊர்களில் ஒன்று. போர்த்துக்கீசிய ஏசு சபைத் துறவி அன்றிக்கு அடிகளார் இங்கே தங்கி, துபாஷியின் துணையில்லாமல் பேசும் அளவுக்குத் தமிழ் கற்றார். அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அந்தப் புகழின் நிழலில் மறைந்துபோனது 1580இல் கொச்சியில் வெளிவந்த ‘கொம்பெசியோனாயரு’. குருவானவரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் கையேடு அது. அது பேசும் பத்துக் கட்டளைகளில் ஆறாவது விலக்குவது, மோக பாவத்தை.

அச்சுத் தமிழ் பிறந்த வேகத்திலேயே உடலாசையும் அதற்குள் வந்துவிட்டது, பாவமாக. ஆசை வரம்பு மீறினால் குருவானவரிடம் சொல்லலாம். ஐம்பது வயதில் அது வற்றினால்?

அந்தக் கேள்வியை லேகியக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். “வாலிப வயோதிக அன்பர்களே” என்ற அழைப்பைக் கேளாத தமிழர் குறைவு. பேருந்து நிலையச் சுவரில் விளம்பரம், லாட்ஜ் அறையில் வைத்தியம். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடுக்கிறது. அதற்குப் பிறகும் சுவரொட்டிகள் ஓயவில்லை. அவற்றில் பெண்ணுக்கு இடமே இல்லை. மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியையும் வலியையும் அவள் வாய்விட்டுச் சொல்ல ஒரு சுவர்கூடக் கிடைக்கவில்லை.

நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில், 1998இல் வயாகரா என்ற பெயரில் விறைப்புத் தளர்ச்சிக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ‘மூலிகை’ என்று விற்கப்படும் பொருள்களில் இதே மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவர் இதை அறியாமல் விழுங்கினால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

வயதாக ஆக ஆசை குறைவது இயல்பு. ஆனால் ஆணுக்கு விறைப்பு தளர்வது சில நேரம் சர்க்கரை நோய்க்கோ இதய நோய்க்கோ முன்னறிவிப்பு. ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் காரணமாகலாம். வெட்கப்பட்டு மறைப்பவர் அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே மறைக்கிறார்.

இதே தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டையில், 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது; பக்கத்திலேயே அரசு மருத்துவமனையும் உண்டு. முதலில் துணையிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பிறகு, சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள்.