சாணைக்கல்லும் தொப்பூர் இறக்கமும்

எறிந்த கல் கையை விட்டு நீங்கிய பின்னும் பறப்பது ஏன்? காற்றே அதைத் தொடர்ந்து தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த திருநிலையினர் ழான் புரிடான், கொல்லனின் சாணைக்கல்லைக் காட்டி அதனை மறுத்தார். கையை எடுத்த பின்னும் கல் சுழல்கிறது. இருந்த இடத்திலேயே சுழலும் கல்லின் பின்னே காற்று எவ்வாறு புகும்? தள்ளியவர் தந்த உந்துதல் பொருளிலேயே தங்குகிறது, தடையே அதைத் தேய்க்கிறது என்றார் அவர். முழு உண்மை அதுவன்று. ஓடும் பொருள் அதே விரைவில் நேரே ஓட எவ்வுந்துதலும் வேண்டா, மாற்றத்திற்கே விசை வேண்டும் என்ற நிலைம விதியை 1687இல் நியூட்டன் வரையறுத்தார்.

லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் பெயர்பெற்ற நாமக்கல்லில் வாழும் நமக்கு இவ்விதி ஏட்டுச் சுரைக்காய் அன்று. வடக்கிலிருந்து தருமபுரி வழியே பாரத்தோடு திரும்பும் லாரி, சேலத்துச் சமவெளியை அடையுமுன் தொப்பூர்க் கணவாயில் இறங்கவேண்டும். விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. டீசலை மிச்சப்படுத்த அங்கே கியரை நியூட்ரலில் விடுவோர் உண்டு. எஞ்சினின் பிடிப்பு அக்கணமே அற்றுப்போகிறது. பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டும். வேகம் இருமடங்கானால் வண்டியை நிறுத்த அது உறிஞ்சவேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. சூடேறிய பிரேக்கோ பிடி தளர்கிறது. முன்னே காரில் செல்லும் குடும்பத்திற்கு அந்த டீசல் மிச்சத்தில் என்ன பங்கு? ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்கவும் வேண்டும் என்பது லாரித்தொழிலின் பழைய பாடம். அதற்குச் செலவாவது சிறிது நேரமே.