மரண அறிவிப்பில் ஒளிந்திருக்கும் சொந்த ஊர்

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் மூன்று தலைமுறையாக இருக்கும் பல குடும்பங்களிடம் சொந்த ஊர் எதுவென்று கேட்டுப் பாருங்கள். "தஞ்சாவூர் பக்கம்" என்பதோடு பதில் நின்றுவிடும்! எந்தக் கிராமம் என்று தேடுகிறவர்களுக்குப் பழைய நாளிதழ்களின் மரண அறிவிப்புகள் ஒரு நல்ல வழி.

நாலே வரிதான் இருக்கும். பெயர், வயது, மகன்கள், மருமகன்கள், காரியம் நடக்கும் இடம். இந்தக் கடைசி வரியில்தான் பெரும்பாலும் கிராமம் சிக்கும். சில சமயம் இனிஷியலே போதும். 1946ல் சென்னையில் காலமான வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் 'வி' வலங்கைமான், 'எஸ்' அப்பா சங்கரநாராயணர். இன்று நாம் ஊரை விட்டுவிட்டு அப்பாவை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பழைய இதழ்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் (1896) இருக்கிறது. அடையாறுக்காரர்களுக்குப் பக்கத்திலேயே தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். அதன் மூலச் சேகரிப்பே செட்டிநாட்டுக் கோட்டையூரிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அறிவிப்பு என்பது காசு கொடுத்துப் போடும் விளம்பரம். பட்டணத்தில் வசதியான பிள்ளை இருந்தால்தான் கிராமத்துச் சாவு பேப்பரில் வரும். கூலி விவசாயி வரமாட்டார். வந்த பெண்களிலும் பலர் வெறும் 'இன்னாரின் மனைவி'தான். அவர்களைத் தேட, 1980ல் பதவி ஒழிக்கப்படும்வரை கிராம முன்சீப்கள் எழுதிவைத்த இறப்புப் பதிவேடுகளுக்குத்தான் போகவேண்டும்.