போர்ட்டோ அலெக்றே நகரின் அயலவர் சங்கங்களும் வரவுசெலவுத் திட்டமும்

உள்ளூராட்சி வரலாற்றைக் கற்பிப்போர் பெரும்பாலும் சட்டங்களையும் தேர்தல்களையும் வரிசைப்படுத்திக் கூறி அமைவர். எந்த ஆண்டில் எந்தச் சபை தோன்றியது, அதற்கு எத்தனை உறுப்பினர், வாக்குரிமை யாருக்கு உண்டு என்பனவே வினாத்தாள்களிலும் இடம்பெறுவன. யானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்தவன். வாக்களித்து வீடு திரும்பிய குடிமகனுக்கு அடுத்த தேர்தல் வரையும் சபையின் அலுவல்களில் என்ன பங்கு என்று வகுப்பில் மாணாக்கன் ஒருவன் வினாவியபோது விடை கூறத் தயங்கினேன். அவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு அண்மைக்கால வரலாறு காட்டும் நகரங்களுள் தென் பிறேசிலிலுள்ள போர்ட்டோ அலெக்றே முதன்மையானது.

1772ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் இந்நகர், குவாயிபா என்னும் நீர்நிலையின் கரையில் அமைந்தது; றியோ கிறாந்தே தோ சூல் மாநிலத்தின் தலைநகர். இருபதாம் நூற்றாண்டிலே தொழில் நாடி நாட்டுப்புறங்களிலிருந்து வந்த மக்கள் குன்றுச் சரிவுகளிலும் தாழ்நிலங்களிலும் உறுதியில்லாக் காணிகளிற் குடியேறினர். இக்குடியிருப்புகளை அந்நாட்டார் 'வீலா' என்பர். குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வடிகாலும் அங்கில்லை. மழை பெய்தால் வீதியுமில்லை. இக்குறைகளைத் தீர்க்க ஆங்காங்கே அயலவர் சங்கங்கள் எழுந்தன. நம்மூர்ச் சனசமூக நிலையங்களை மனத்திற் கொண்டால் அவற்றின் தன்மை ஓரளவு விளங்கும். 1959இல் இச்சங்கங்கள் மாநிலம் தழுவிய கூட்டமைப்பொன்றையும் நிறுவின.

எனினும் சங்கம் இருந்தமையாலேயே குடிமக்கள் ஆட்சியிற் பங்குகொண்டனர் எனக் கூறுதல் பொருந்தாது. சங்கத் தலைவர் மாநகர சபை உறுப்பினரைக் கண்டு வணங்கி ஒரு தெருவிளக்கைப் பெற்று வருவார். தேர்தல் வந்ததும் அவ்வீதியின் வாக்குகள் அவ்வுறுப்பினரைச் சேரும். விளக்கு எரிந்தது உண்மை. ஆனால் அது கொடையாக வந்தது; உரிமையாக வரவில்லை. இவ்வழக்கம் பிறேசிலுக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர் அறிவர்.

1964 முதல் 1985 வரை பிறேசிலை இராணுவம் ஆண்டது. மாநிலத் தலைநகரங்களின் நகரபிதாக்கள் மக்களாற் தெரியப்படாது மேலிருந்து நியமிக்கப்பட்டனர். அவ்வாட்சி தளர்ந்த காலத்தில், 1983ஆம் ஆண்டு, போர்ட்டோ அலெக்றேயின் சங்கங்கள் நகரளவில் ஒன்றுகூடி 'உவாம்பா' எனச் சுருக்கமாக வழங்கும் ஒன்றியத்தை அமைத்தன. 1985இல் நடந்த தேர்தலில் அல்சேயு கொல்லாரிஸ் நகரபிதாவாகத் தெரிவானார். மக்களைக் கலந்து ஆள்வதாக அவர் கூறியபோது ஒன்றியம் 1986இல் விடுத்த கோரிக்கை வரலாற்றிற் குறிக்கத் தக்கது. விளக்கையும் வீதியையும் தனித்தனியே கேளாமல், நகரத்தின் பணம் எங்கே செல்வதென்று தீர்மானிக்கும் இடத்திலேயே தமக்குப் பங்கு வேண்டும் என்றனர். கணக்கேட்டையே கேட்டனர் எனலாம். கொல்லாரிஸ் காலத்தில் அது கைகூடவில்லை.

1988ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நகரசபைகளுக்கு மிகுந்த அதிகாரமும் வருவாய்ப் பங்கும் அளித்தது. அவ்வாண்டுத் தேர்தலில் வென்ற தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த ஒலிவியோ துத்ரா என்னும் வங்கித் தொழிற்சங்கவாதி 1989 சனவரியிற் பதவியேற்று, குடிமக்கள் பங்குகொள்ளும் வரவுசெலவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆர்வம் பெரிது, பெட்டகமோ வெறிது. பணியாளர் ஊதியமே நகர வருவாயின் பெரும்பகுதியை விழுங்கிற்று. முதலாண்டில் மக்கள் நிரைத்த வேலைகளிற் பெரும்பாலானவை நடைபெறாமையால் 1990இல் நகர் முழுவதும் கூட்டங்களுக்கு வந்தோர் ஆயிரம் பேரும் இல்லை. வீட்டு வரியைச் செல்வர்க்கு மிகுத்து ஒழுங்குசெய்து, சேர்ந்த பணத்தால் வீதிகளும் வடிகால்களும் கண்முன்னே எழுந்த பின்னரே மக்கள் மீண்டனர். 1990களின் நடுப்பகுதியில் வருவோர் தொகை பதினாயிரத்தைக் கடந்தது. சொற்பொழிவு செய்ய இயலாததைத் தோண்டிய ஒரு வடிகால் செய்தது.

முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். ஆட்சியினர் முதலில் நகரை ஐந்து வலயங்களாகப் பிரித்தனர். அவ்வளவு பரந்த வலயத்தில் ஒரு வீலாவின் குரல் கேளாதெனச் சங்கத்தினர் வாதிட்டமையால் அது பதினாறாயிற்று. ஆண்டுதோறும் ஒவ்வொரு வலயத்திலும் யாவரும் வரக்கூடிய பேரவை கூடும். சென்ற ஆண்டு வாக்களித்தவற்றுள் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்று நகரபிதா மக்கள் முன்னிலையிற் கணக்குக் கூறுவார். பின்னர் பேராளர் தெரியப்படுவர். வந்தோர் தொகைக்கேற்பப் பேராளர் தொகை அமைதலின், அயலவரைத் திரட்டி அழைத்துவரும் சங்கத்துக்கு அங்கே வலு மிகுந்தது. வீடுவீடாகச் சென்று அழைத்ததற்குக் கைமேற் பலன் கிடைத்தது.

நகரப் பேரவைக்கு வலயத்துக்கு இருவர் தெரியப்பட்டனர். 1994 முதல் போக்குவரத்து, கல்வி, சுகாதாரம் முதலிய பொருள்வாரிக் கூட்டங்களிலிருந்தும் பேராளர் வந்தனர். ஒன்றியத்துக்கும் நகரப் பணியாளர் சங்கத்துக்கும் ஓரோர் இடம் இருந்தது. பதவிக்காலம் ஓராண்டு, ஊதியமில்லை, தெரிந்தோரே திரும்ப அழைக்கலாம். பணத்தைப் பங்கிடுகையில் வலயத்தின் குறைபாடு, குடித்தொகை, மக்கள் கொடுத்த முன்னுரிமை ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டனர். குறை மிகுந்த வலயம் மிகுதியாகப் பெற்றது.

இதனாற் சங்கங்கள் வலிந்தனவா, மெலிந்தனவா? ஆட்சியே மக்களை நேரே அழைக்கும்போது இடையிற் சங்கம் எதற்கு என்ற ஐயம் எழுந்ததுண்டு. தனக்கு வேண்டிய உறுப்பினரை மட்டும் நம்பிய பழைய தலைவர்கள் சிலர் செல்வாக்கிழந்தனர். அதற்காக வருந்த வேண்டுவதில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ரெபேக்கா ஏபர்சின் ஆய்வு, சங்கம் வேரூன்றாத பகுதிகளிலும் இக்கூட்டங்களை ஒட்டிப் புதிய அமைப்புகள் முளைத்தமையை எடுத்துக்காட்டுகின்றது. எனினும் கூட்டத்தை நம்பியே முளைத்த சங்கம் ஒன்று. கூட்டம் நின்றாலும் நிற்கக்கூடிய சங்கம் வேறொன்று. இவ்வேறுபாடு அக்காலத்தில் பலருக்குத் தோன்றவில்லை.

பயன்கள் சிறியன அல்ல. கழிவுநீர் வசதி பெற்ற வீடுகள் 1989இல் நூற்றுக்கு 46ஆக இருந்து 1996இல் 85ஆக உயர்ந்தன என்பர். 1996இல் இசுதான்புல்லிற் கூடிய ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு மாநாடு இம்முறையைப் பாராட்டியது. பல நாட்டு நகரங்கள் இதனைப் பின்பற்றின.

ஆயினும் இம்முறை நகரச் சட்டமாக என்றும் இயற்றப்படவில்லை. சட்டமாக்கினால் விதிகளை ஆண்டுதோறும் திருத்தும் உரிமை மக்களிடமிருந்து மாநகர சபைக்குச் செல்லும் என்று அதன் ஆதரவாளரே அஞ்சினர். சபை உறுப்பினரோ தம் அதிகாரம் குறைந்ததென ஏற்கனவே முணுமுணுத்தனர். அவ்வச்சம் நியாயமானதே, ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது என்பது என் துணிபு. நகரபிதாவின் விருப்பத்தால் நிற்பது, நகரபிதா மாறும்போது அசையும். 2004இல் தொழிலாளர் கட்சி பதினாறு ஆண்டு ஆட்சியை இழந்தது. பின்வந்தோர் கூட்டங்களை ஒழிக்கவில்லை. ஒதுக்கிய பணமும் முடித்த வேலையும் குறைந்தன. 2017இல் கூட்டங்கள் முதன்முறையாக இடைநிறுத்தப்பட்டன. 1990இல் நிகழ்ந்ததே ஈண்டும் நிகழ்ந்தது. வேலை நடவாத இடத்துக்கு மக்கள் வருவதில்லை.

2024 மே மாதத்திற் குவாயிபா ஐந்து மீற்றருக்கு மேல் உயர்ந்து, 1941ஆம் ஆண்டு வெள்ளத்தின் 4.76 மீற்றர் அளவையும் விஞ்சியது. வெள்ளநீரை இறைத்து வெளியேற்ற அமைத்த நிலையங்களிற் பெரும்பாலானவை செயலற்றன. பராமரிப்பின்மையே ஒரு காரணமெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. சரண்டி, உமாயித்தா முதலிய தாழ்நிலக் குடியிருப்புகள் பல நாள் நீரில் நின்றன. புதிய வீதிக்குக் கை உயர்த்த எல்லாரும் வருவர். பழைய இயந்திரத்துக்கு எண்ணெயிடும் செலவுக்கு எந்தப் பேரவையிலும் ஆதரவு திரட்டுதல் அரிது. இது பங்கேற்பு முறை உயிர்ப்புடன் இருந்த காலத்துக்கும் பொருந்தும் குறையே. அம்முறையின் முதலாண்டுகளில் வீலா மக்கள் முன்னுரிமை கொடுத்துக் கேட்டவற்றுள் வடிகாலும் ஒன்றாயிருந்தது.