டிக்கிக்குப் போன பேட்டரி

படிப்பு முடிச்ச புதுசுல, நானும் ஒரு சிநேகிதனும் ஒரு பழைய காரை ரேஸ் கார் ஆக்கியே தீருவதுன்னு கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சோம். எங்கேயோ அரைகுறையாகப் படித்துவிட்டு, பானட்டுக்குள் இருந்த பேட்டரியைக் கழற்றி டிக்கியில் வைத்தோம். வெல்டிங் கேபிள் வாங்கி, டிக்கித் தகட்டில் ஓட்டை போட்டு, வண்டிக்கு அடியிலேயே முன்பக்கம் வரை இழுத்தோம். செல்ஃப் அடித்ததும் கிளம்பிடுச்சு. ஆஹா!

மூணாவது வாரம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினோம். பின்னாலிருந்து கருகின வாடை. ஓட்டையின் விளிம்பு கேபிளின் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, செம்பு பாடியைத் தொட்டுவிட்டது. நடுவில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனரைத் தேடி டெர்மினலைக் கழற்றுவதற்குள் டிக்கி விரிப்பு புகைய ஆரம்பிச்சுடுச்சு. கை கொப்பளித்ததோடு தப்பித்தோம்.

அதுக்கப்புறம்தான் இந்த வேலையை யார் செய்தார்கள், எதுக்குச் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். (புத்தி எப்பவுமே லேட்டாத்தானே வருது!)

கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பிய காலம் மாறியது 1912-ல். அந்த வருஷ காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதோடு கனமான பேட்டரியும் காருக்குள் நிரந்தரமாகக் குடியேறியது. அதற்கென்று தனி இடம் எதுவும் கிடையாது. ஃபோர்டு மாடல் ஏ-யில் கால் வைக்கும் பலகைக்குக் கீழே. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் பின் சீட்டுக்கு அடியில். பானட்டுக்குள் வைப்பது பிற்பாடு வழக்கமானது. திறந்தால் கைக்கு எட்டும், ஸ்டார்ட்டரும் பக்கத்திலேயே இருக்கும், குட்டிக் கேபிள் போதும்.

அப்படியிருக்க, 1959-ல் வந்த மினியில் அலெக் இஸிகோனிஸ் பேட்டரியைக் கொண்டுபோய் டிக்கித் தரையில் ஒரு பெட்டிக்குள் வைத்தார். 10 அடி நீளக் காரில் நாலு பேர் உட்காரணும். அதுக்காக இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர் பாக்ஸை அதன் அடியிலேயே செருகியிருந்தார். முன்பக்கம் இடமும் இல்லை, கனமெல்லாம் அங்கேதான். பின்பக்கம் லேசாக இருந்தால் பிரேக் போடும்போது பின் சக்கரம் சட்டென்று லாக் ஆகும். பேட்டரியைப் பின்னால் தள்ளினால் இரண்டுக்குமே கொஞ்சம் வழி. விலை? வண்டிக்கு அடியில் முழு நீளத்துக்கு ஒரு கேபிள், கூடவே துருப்பிடிக்கும் பேட்டரிப் பெட்டி. பழைய மினி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்க, அந்தப் பெட்டியைப் பற்றிப் புலம்புவாங்க.

அமெரிக்காவில் கதையே வேற. 1964 ஃபோர்டு ஃபேர்லேன் தண்டர்போல்ட்டை எடுத்துக்குங்க. கால் மைல் டிராக் ரேஸுக்காகவே சுமார் 100 வண்டி செய்தார்கள். எடை குறையணும்னு ரேடியோ, ஹீட்டர், சன் வைசர் எல்லாத்தையும் பிடுங்கினார்கள். முன் பாகங்கள் ஃபைபர் கிளாஸ். இவ்வளவும் செய்துவிட்டு, டிக்கியில் சாதாரண காருக்குத் தேவையில்லாத ஒரு குண்டு பேட்டரி! எனக்கு ரொம்பப் பிடிச்ச முரண் இது. ஓட்டும் சக்கரம் பின்னால். அங்கே அழுத்தம் இல்லையென்றால் 427 கன அங்குல இன்ஜினின் பலமெல்லாம் டயர் புகையாகப் போயிடும். அதிலும் வலது மூலையில்தான் வைப்பார்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு, பின் ஆக்சிலின் வலது சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், அதை அமுக்கத்தான்.

20 கிலோ பேட்டரியை முன் ஆக்சிலுக்கு நேர் மேலிருந்து பின் ஆக்சிலுக்கு நேர் மேலே மாற்றினால், முன்னே 20 கிலோ குறையும், பின்னே 20 கிலோ கூடும். ஒரு பைசா எடை சேர்க்காமல் வித்தியாசம் 40! இந்தக் கணக்கில்தான் நாங்களும் மயங்கினோம்.

கேபிள் கணக்கை யார் பார்த்தா? ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கும்போது, 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் 4 மீட்டர் போனாலே அரை வோல்ட்டுக்கு மேல் குறையும். மெல்லிசு கேபிள் போட்டால் காலையில் செல்ஃப் முனகும். அது கூடப் பரவாயில்லை. சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். மூடின டிக்கிக்குள் அது தேங்கினால் ஒரு பொறி போதும்.

இதையெல்லாம் சரியாக யோசித்தவர்களும் இருக்காங்க. அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி, பேட்டரியை இடம் மாற்றினால் வண்டியின் பின்புறம் வெளியே மெயின் சுவிட்ச் கட்டாயம். அதை அணைத்தால் ஓடுகிற இன்ஜினும் நிற்கணும். பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் கரண்ட்டிலேயே ஓடிக்கிட்டிருக்கும் இல்லையா, அதனால். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் டிக்கியில் சீல் செய்த பேட்டரி, வாயு வெளியேறத் தனிக் குழாய். பிஎம்டபிள்யூ 1990களின் பிற்பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போய், டெர்மினலிலேயே ஒரு குட்டி வெடிமருந்தை வைத்தது. கார் மோதினால், ஏர் பேக் வெடிக்கிற மாதிரி அது வெடித்து, முன்னால் போகும் அந்த நீளக் கேபிளைப் பேட்டரியிலிருந்து பிரித்துவிடும்.

எங்க வண்டியில் ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் கூட இல்லை. கடையில் ரெண்டு ரூபாய்.