22 எழுத்தின் பயணம்

அது பிறப்பது செல்லின் உட்கருவில். டிஎன்ஏவிலிருந்து நீண்ட ஆர்என்ஏ இழையாக வெளிப்படும். ட்ரோஷா என்னும் நொதி வெட்டியதும் சுமார் 70 எழுத்து, அதாவது 70 வேதி அலகு, மிஞ்சும். உட்கருவுக்கு வெளியே டைசர் என்னும் நொதி மறுபடி நறுக்கும். கடைசியில் நிற்பது சுமார் 22 எழுத்து. இதுதான் மைக்ரோ ஆர்என்ஏ. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் இதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் கண்டார்கள். நோபல் பரிசு வர 2024 ஆயிற்று.

புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்என்ஏவின் வாலில் ஒட்டிக்கொண்டு உற்பத்தியைக் குறைப்பது இதன் வேலை. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி குறைந்தால் வருவது ஹீமோஃபிலியா ஏ. அந்தக் காரணிக்கான தூதின் வால் சுமார் 1,800 எழுத்து. அதில் எது ஒட்டும் என்பதைக் கணினி முக்கியமாக 7 எழுத்துப் பொருத்தத்தை வைத்தே தேடுகிறது. நான்கு எழுத்து மொழியில் 7 எழுத்துச் சேர்க்கைகள் 16,384தான். மனிதரிடம் பதிவான மைக்ரோ ஆர்என்ஏக்களோ 2,600க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தற்செயலாகவே 290 பொருத்தம் வரை வந்து நிற்கும். எனவே கணினி தரும் பட்டியல் கைக்கு வந்ததுமே நோய்க்குறி கிடைத்துவிட்டதாக எழுதுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். 2015இல் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாக ஆய்வாளர்கள் ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தத்தையே அளந்துதான் மிர்-1246 என்னும் மைக்ரோ ஆர்என்ஏவைச் சுட்டினார்கள்.

ரத்தத்திலும் ஆபத்து உண்டு. செல்லிலிருந்து கசிந்த மைக்ரோ ஆர்என்ஏ புரதத்தோடு ஒட்டியோ நுண்குமிழிக்குள் பதுங்கியோ பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து, மேலே தெளியும் பிளாஸ்மா இளஞ்சிவப்பாகும். சிவப்பணுவில் உள்ள மிர்-451 என்னும் மைக்ரோ ஆர்என்ஏ கொட்டி அளவைக் குழப்பிவிடும். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால் அளக்கும் முறையான பிசிஆர் முடங்கும்; சிட்ரேட் போட்ட நீல மூடிக் குழாய் வேண்டும்.

ஐதராபாத்துக்கு இதில் தனி அக்கறை இருந்தாக வேண்டும். மரபணு நோய்ப் பரிசோதனை செய்யும் சி.டி.எஃப்.டி. ஆய்வு மையம் அங்கே உப்பலில் இருக்கிறது, சி.சி.எம்.பி. என்னும் உயிரியல் ஆய்வு மையமும் அதே ஊர்தான். நம்மைப் போலவே தெலங்கானாவிலும் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் தோன்றும் மூன்றாம் வகை வான் வில்லிபிராண்ட் போன்ற ரத்த உறைவுக் குறைபாட்டு நோய்கள் அத்தகைய குடும்பங்களில் கூடுதல். பழுது எது என்று மரபணுச் சோதனை சொல்லிவிடும். ஆனால் ஒரே பழுதுள்ள அண்ணனுக்கு மூட்டு வீங்கி, தம்பி ஓடியாடித் திரிவதும் உண்டு. அந்த வேறுபாட்டில் மைக்ரோ ஆர்என்ஏவுக்குப் பங்குண்டா என்று இருவர் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். அதுவும் ரத்தம் கசியாத நாளில் ஒருமுறை, கசியும் நாளில் ஒருமுறை.