புற நரம்புக் கட்டிகளும் பெட் ஸ்கேனும்

கை, கால், கழுத்து, இடுப்பு என எங்கும் ஓடும் புற நரம்புகளில் வரும் புற்றல்லாத கட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஷ்வானோமா நரம்பின் ஓரமாக உறைகட்டி வளரும். நரம்பைக் காப்பாற்றி அதை உரித்தெடுக்கப் பெரும்பாலும் முடியும். நியூரோஃபைப்ரோமாவோ நரம்பிழைகளின் ஊடே பின்னிக்கொள்ளும். கட்டியின் இடம், அளவு, நரம்போடு அதன் உறவு ஆகியவற்றைக் காட்டுவது எம்ஆர்ஐ. கட்டிக்குள் செல்கள் எவ்வளவு வேகமாகக் குளுக்கோஸை உறிஞ்சுகின்றன என்று காட்டுவது பெட்.

பல மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கும் நோயாளிக்கு ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைக் கொண்ட, குளுக்கோஸை ஒத்த எஃப்டிஜி என்ற பொருள் ஊசி வழியே ஏற்றப்படுகிறது. ஃபுளோரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருந்தபின் படம் எடுக்கிறார்கள். குளுக்கோஸ் போலவே செல்லுக்குள் நுழையும் எஃப்டிஜி, முழுதாக எரியாமல் அங்கேயே தங்கிவிடும். அப்படித் தங்கிய அளவைச் சொல்லும் எண்ணே எஸ்யூவி.

இந்தப் பரிசோதனை மிக அதிகம் கைகொடுப்பது நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் வகை 1 உள்ளவர்களுக்கு. சுமார் 3,000 பிறப்புகளுக்கு ஒருவரிடம் காணப்படும் மரபணுக் கோளாறு இது. இவர்களில் 8 முதல் 13 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் நரம்பு உறைப் புற்று வரக்கூடும். பலரிடம் அது பிளெக்சிஃபார்ம் எனப்படும் பின்னல் கட்டிக்குள்ளிருந்தே கிளம்புகிறது. பல ஆண்டுகள் சும்மா இருந்த கட்டி திடீரென வளர்ந்தாலோ, இறுகினாலோ, இரவில் தூங்கவிடாமல் வலித்தாலோ சந்தேகம் எழ வேண்டும். அதை உறுதிசெய்ய பயாப்ஸி தேவை. ஆனால் பெரிய கட்டியில் ஒரு மூலை மட்டும் புற்றாக மாறியிருந்தால், குத்தும் ஊசி தவறான இடத்தில் சதையெடுத்துவிடக்கூடும். அதிகம் ஒளிரும் பகுதியை பெட் காட்டிக்கொடுப்பதால், பயாப்ஸி ஊசிக்கு இலக்கு கிடைக்கிறது.

லண்டனில் ரோசலி ஃபெர்னர் குழுவினர் 105 நோயாளிகளிடம் 116 கட்டிகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு இன்றும் பேசப்படுகிறது. நான்கு மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் எஸ்யூவி 3.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அகற்றுவது பற்றி யோசிக்க வேண்டும், 2.5க்கும் 3.5க்கும் இடைப்பட்டவற்றைக் கவனமாகக் கண்காணிக்க வேண்டும். தாமதித்து எடுப்பதற்குக் காரணம் உண்டு: புற்றுச் செல்கள் நேரம் ஆக ஆக இன்னும் எஃப்டிஜியைச் சேர்த்துக்கொண்டே போகும்.

இதே எண்களை ஷ்வானோமாவுக்குப் பொருத்துவது ஆபத்து. புற்றே இல்லாத ஷ்வானோமா சில சமயம் 5, 6 என்றும் ஒளிரும். வேறு புற்றுநோய்க்காக ஸ்கேன் எடுத்தவரின் உடலில் இப்படி ஒரு கட்டி தெரிந்தால், புற்று பரவிவிட்டதாகத் தோன்றிவிடும். அந்த எண்ணை மட்டும் நம்பி நரம்போடு வெட்டியெடுத்தால் கையோ காலோ செயலிழக்கலாம். எம்ஆர்ஐயை ஒப்பிட்டு, தேவைப்பட்டால் திசுவைச் சோதித்த பிறகே அறுவையை முடிவுசெய்ய வேண்டும்.

நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் வகை 1 இருந்தும் அறிகுறி இல்லாத சிறுவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க, கதிர்வீச்சு இல்லாத முழு உடல் எம்ஆர்ஐயே ஏற்றது.