விறகடுப்பு மூட்டுதல்

விறகடுப்பு மூட்டுதல் என்பது காய்ந்த சுள்ளியில் பற்றவைத்த தீயை, பருத்த விறகு தானே நின்று எரியும்வரை படிப்படியாக வளர்க்கும் வேலை. தமிழக வீடுகளில் ஒற்றையடுப்பும், பக்கத்தில் துணைவாய் கொண்ட கொடியடுப்பும் வழக்கமானவை.

முதலில் பழைய சாம்பலை அள்ள வேண்டும். அது அடைத்திருந்தால் அடியில் காற்றுப் புகாது. பன்னாடை, காய்ந்த தென்னோலை, சிராய் ஆகியவை எளிதில் பற்றும். அவற்றின்மேல் சுள்ளி, அது கொழுந்துவிட்டதும் விறகு. விறகை நெருக்கித் திணித்தால் புகைதான் மிஞ்சும். பச்சை மரத்தின் எடையில் பாதிவரை நீர் இருக்கக்கூடும். அது ஆவியாகும்வரை வெப்பம் வீண். ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய விறகே நன்றாக எரியும்.

தீ மங்கினால் ஊதுகுழல் போதும். கங்கின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது மிகக் கொடிய பழக்கம்: எழும் ஆவி சட்டெனப் பற்றி முகத்தில் பாயும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வது அவசியம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, மலையூர்க் குளிரில் கதவடைத்துக் கங்குச்சட்டியோடு உறங்குவோரின் உயிரைப் பறிக்கிறது. சமைக்கும்போதும் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

புகையைக் குறைக்க, புகைபோக்கி வைத்த அடுப்புகளை ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு வடிவமைத்தார், அதுபற்றிய அவரது நூல் 1953-இல் வெளிவந்தது. மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை இந்திய அரசு 1980-களில் தொடங்கியது. 2016-இல் வந்த உஜ்வலா திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கியது.